ஒன்பதில் ஐந்து

மனச்சோர்வு என்று எழுதுவதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். ஒன்பது அறிகுறிகளை வரிசையாகத் தருகிறது: நாள் முழுக்கப் பீடித்திருக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, பசியிலோ எடையிலோ மாற்றம், உறக்கக் குலைவு, உடலசைவில் மந்தமோ பரபரப்போ, தீராத அசதி, தன்னைப் பயனற்றவராகவோ குற்றவாளியாகவோ எண்ணிக்கொள்ளுதல், கவனம் நிலைக்காமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் ஐந்து இருக்க வேண்டும். அந்த ஐந்துக்குள் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டு வாரம் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைத்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்தால் அது தைராய்டு போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காகத்தான்; மனச்சோர்வைக் காட்டித்தரும் பரிசோதனை எதுவும் இந்த வரையறையில் இல்லை. விதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதை நிறைவு செய்ய 227 வழிகள் இருப்பது தெரியும். ஒரே பெயரைச் சுமக்கும் இரண்டு பேருக்கிடையில் ஒரேயொரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். அந்த ஒன்று உறக்கக் குலைவாக இருந்துவிட்டால் அதுவும் பொது என்று சொல்வதற்கில்லை, ஒருவர் விடிய விடியக் கொட்டக்கொட்ட விழித்திருப்பவராகவும் மற்றவர் பகல் முழுக்கப் படுக்கையை விட்டு எழாதவராகவும் இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலான ஐ.சி.டி.யில் கணக்கு வேறு. அதன் பத்தாம் பதிப்பில் லேசான மனச்சோர்வுக்குப் பத்தில் நான்கு போதுமானதாக இருந்தது. பதினோராம் பதிப்பில் பத்தில் ஐந்து வேண்டும். நான்கு அறிகுறிகளோடு இருந்த ஒருவர், தன்னிடம் ஒன்றுமே மாறாமல், பதிப்பு மாறியதால் நோயாளிக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். அவருடைய இரவுகள் அப்படியேதான் இருக்கின்றன. எல்லைக்கோடு எங்கேயாவது போடப்பட்டாக வேண்டும் என்று இதற்குச் சமாதானம் சொல்லிவிடலாம். சமாதானம் சரிதான். ஆனாலும் மனம் அதில் அமைவதில்லை.

நோய்களைச் செடிகொடிகளைப்போல் பிரித்து அடுக்கிவிடலாம் என்ற ஆசை பதினெட்டாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. மான்பெலியே நகரத்து மருத்துவர் பொய்ஸியே த சொவாழ், தாவரவியலாளர் லின்னேயஸின் முறையைப் பின்பற்றி, 1763இல் நோய்களை 10 வகுப்புகளாகவும் ஏறத்தாழ 2400 இனங்களாகவும் அடுக்கினார். பித்துநிலைகளுக்கும் அதில் ஒரு வகுப்பு இருந்தது. செடியைப் பிரிக்க இதழும் சூலகமும் இருக்கின்றன. பித்தை எதைக் கொண்டு பிரிப்பது? நூறாண்டுக்குப் பிறகு ஜெர்மானியரான எமில் கிரேப்பலின் கண்ட விடை காலம் என்பதாக இருந்தது. இன்று நோயாளி என்ன சொல்கிறார் என்பதைவிட, நோய் எப்படித் தொடங்கி எப்படிப் போய் எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, வருடக்கணக்கில் அவற்றைப் பரப்பியும் கலைத்தும் சேர்த்தும் பார்த்தார். அதற்குமுன் இன்றைய எஸ்தோனியாவில் உள்ள டோர்பாட் நகரில் அவர் வேலை பார்த்தபோது, அங்கிருந்த நோயாளிகள் பலருடைய மொழி அவருக்குத் தெரியாது. இடையில் ஒருவர் நின்று பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லைவிடப் போக்கை அவர் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்குமோ என்று கேட்கத் தோன்றுகிறது. 1899இல் வெளிவந்த தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். இளமையில் தொடங்கி அறிவைச் சிதைத்துக்கொண்டே போவது ஒன்று. கிளர்ச்சியும் சோர்வுமாக வந்து வந்து விலகுவது மற்றொன்று. இன்று மனச்சிதைவு, இருமுனைப் பிறழ்வு என்று மருந்துச்சீட்டில் எழுதப்படும் இரண்டுக்கும் அடியில் கிடப்பது இந்தக் கோடுதான். முடிவை வைத்து நோயைப் பிரித்தால் முதல் நாள் வந்து உட்காருகிறவருக்கு எந்தப் பெயரைச் சொல்வது என்ற கேள்வி அன்றே இருந்தது. முதல் வகையில் சேர்க்கப்பட்டவர்களில் சிலர் சிதையாமல் தேறவும் செய்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் 1908இல் அந்நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற புதுப்பெயர் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிரேப்பலின் காலத்தவர்களுக்கு நம்பிக்கை தந்த நோய் ஒன்று இருந்தது. நடுவயதில் பெருமிதப் பிதற்றலாகத் தொடங்கி, வாதத்திலும் அறிவழிவிலும் கொண்டுபோய்விட்டுச் சாகடிக்கும் பொதுவாதம். 1822இல் பாரிஸில் பேல் என்ற மருத்துவர் அதை மூளைச்சவ்வின் அழற்சியோடு இணைத்துக் காட்டினார். 1913இல் நொகுச்சியும் மூரும் அந்நோயில் இறந்தவர்களின் மூளையிலேயே மேகநோய்க் கிருமியைக் கண்டார்கள். அறிகுறி, போக்கு, மூளை, கிருமி என நான்கும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன. மற்ற மனநோய்களும் ஒவ்வொன்றாக இப்படி வந்து நிற்கும் என்று ஒரு தலைமுறை காத்திருந்தது. நடந்தது வேறு. காரணம் தெரிந்ததும் அந்த நோய் மனநல மருத்துவத்தை விட்டே போய்விட்டது. பெனிசிலின் வந்தபின் மனநோய் விடுதிகளிலும் அது அருகிப்போனது. உணவில் நியாசின் குறைவால் வரும் பெலாக்ராவின் பித்தும் அப்படியே வெளியேறியது. வலிப்பு நோய் நரம்பியலுக்குப் போனது. காரணம் பிடிபட்டது பக்கத்து அறைக்கு எழுந்து போய்விடுமென்றால், இந்த அறையில் எப்போதும் மிஞ்சியிருப்பவை காரணம் பிடிபடாதவையே. மனநல மருத்துவத்திடம் இருதயநோய் மருத்துவத்தின் உறுதியைக் கேட்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. கவனித்தால் அதன் தடுமாற்றத்தைக் கொஞ்சம் பொறுமையோடு பார்க்க முடியும். அந்தப் பொறுமையை எத்தனை காலம் நீட்டுவது என்பது தனிக்கேள்வி.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெயர்கள் இருந்தன, அவற்றை யாருக்கு வைப்பது என்பதில் ஒப்புதல் இல்லை. 1971இல் ராபர்ட் கெண்டலும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகளின் பேட்டிகளைப் படம்பிடித்து அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒரு நோயாளியைப் பார்த்த அமெரிக்கர்களில் நூற்றுக்கு 69 பேர் மனச்சிதைவு என்றார்கள். அதே படத்தைப் பார்த்த பிரிட்டிஷ்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர். அட்லாண்டிக்கைக் கடந்தால் தீரக்கூடிய நோயாக அது ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா, இபாடான், காலி, லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் உள்ளிட்ட ஒன்பது மையங்களில் 1202 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், மனச்சிதைவு என்ற சொல்லை மற்றவர்களைவிட மிக விரிவாகப் பயன்படுத்தியவர்கள் மாஸ்கோக்காரர்களும் வாஷிங்டன்காரர்களும் என்று தெரிந்தது. எதிலும் உடன்படாத இரண்டு தலைநகரங்கள் இதில் உடன்பட்டிருந்தன. மாஸ்கோவில் அந்த விரிவுக்கு என்ன பயன் இருந்தது என்பது பின்னால் வெளிவந்தது: ‘மந்தகதி மனச்சிதைவு’ என்ற பெயரில் அரசை எதிர்த்தவர்கள் மருத்துவமனைகளில் பூட்டப்பட்டார்கள். 1973இல் உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், நலமாக இருந்த எட்டுப் பேர் காதில் குரல் கேட்பதாகச் சொல்லி 12 மருத்துவமனைகளில் சேர்ந்ததாகவும், சேர்ந்தபின் இயல்பாகவே நடந்துகொண்டும் 7 முதல் 52 நாள்வரை உள்ளே இருக்க நேர்ந்ததாகவும் சொன்னார். வெளியே வரும்போது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் நோய் இல்லை என்று எழுதப்படவில்லை, நோய் தணிந்திருக்கிறது என்றே எழுதப்பட்டது. அந்தக் கட்டுரையின் நேர்மை குறித்து 2019இல் சுசன்னா கஹாலன் எழுதிய புத்தகம் பலத்த ஐயங்களைக் கிளப்பியிருக்கிறது. அதில் வரும் எட்டுப் பேரில் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆனால் கட்டுரை வெளிவந்த நாளில் அதற்குச் சரியான பதில் சொல்ல மருத்துவர்களிடம் எதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

பதில் சொல்ல வந்தவர் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர். அதற்குமுன் அவர் வேறொரு சிக்கலில் நடுவராக இருந்தார். தன்பால் ஈர்ப்பு டி.எஸ்.எம். பட்டியலில் நோயாக இருந்தது. 1972இல் டல்லாஸில் நடந்த சங்கத்தின் மாநாட்டில் ஜான் ஃபிரையர் என்ற மருத்துவர் ரப்பர் முகமூடியும் தொளதொளத்த உடுப்பும் அணிந்து, குரலை மாற்றிக்காட்டும் ஒலிவாங்கியில், தானும் ஒரு மனநல மருத்துவன், தன்பால் ஈர்ப்புள்ளவன் என்று பேசினார். பெயரைச் சொன்னால் வேலை போய்விடும். 1973 டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு அந்நோயைப் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்த்தவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அடுத்த ஆண்டு உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. நீக்கலுக்கு ஆதரவாக 5,854 பேரும் எதிராக 3,810 பேரும் வாக்களித்தார்கள். நீக்கியது நியாயம் என்பதில் இன்று ஐயமில்லை. நியாயமான முடிவுக்கு வந்துசேர்ந்த வழிதான் உறுத்துகிறது: வாக்கெடுப்பில் ஒன்று நோயாக இல்லாமல் போகுமென்றால், நோயாக ஆனதும் இதே மாதிரியான ஒரு கையுயர்த்தலில்தானா? இதைக் கேலியாகக் கேட்டவர்கள் ஒருபுறம். உள்ளே இருந்தவர்களுக்கு அது கேலியாக இருந்திருக்காது. எது நோய் என்பதற்கு முதலில் ஒரு வரையறை வேண்டும் என்பதை அவர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். துன்பமோ செயல்குறைவோ தராதது நோயாகாது என்ற ஸ்பிட்சரின் வாதம் இந்தச் சண்டையில்தான் கூர்மை பெற்றது.

1980இல் வெளிவந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு அவர் தலைமையில் உருவானது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 1972இல் வகுத்த அளவுகோல்களைப் பின்பற்றி, ஒவ்வொரு நோய்க்கும் இத்தனை அறிகுறி, இத்தனை நாள் என்று எழுதப்பட்டது. காரணம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஃபிராய்டின் வழிவந்தவர்கள் ஒரு தலைமுறையாக ஆண்ட நிலம் அதோடு அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. ஹிஸ்டீரியா என்ற தனி வகை பட்டியலிலிருந்து மறைந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களுக்காகப் பேசிய மருத்துவர்களும் போராடியதால் போர்வடுவுக்கு ஒரு பெயர் சேர்ந்தது. புத்தகம் 494 பக்கமாகப் பெருத்தது. நோக்கம் ஒன்றே: இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைப் பார்த்தால் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் ஒரே படியால் அளந்தால் கணக்கு ஒத்துப்போகும். படி சரியான அளவுதானா என்பது அதற்கு அப்பாற்பட்டது. ஒத்துப்போவதை முதலில் உறுதிசெய்வோம், உண்மையைப் பிறகு தேடுவோம் என்று தொடங்கியவர்கள் அந்த வரிசையைத் தெரிந்தேதான் தேர்ந்தார்கள். ஆனால் அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் பாடநூல்களும் மருந்து நிறுவனங்களும் காப்பீட்டுப் படிவங்களும் அந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களைப்போல் கையாண்டன. தேடல் நடந்தபடியே இருந்தது, அதன் முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

ஒத்துப்போவதாவது கைகூடியதா? 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன்னால் நடந்த கள ஆய்வுகளில் கப்பா என்ற எண்ணால் அது அளக்கப்பட்டது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிஞ்சும் ஒற்றுமையை அது காட்டும். முழு ஒற்றுமை 1, வெறும் தற்செயல் 0. போர்வடு போன்ற நிலைகளுக்கு 0.67 கிடைத்தது, மனச்சிதைவுக்கு 0.46. உலகில் மிக அதிகம் பேருக்கு எழுதித்தரப்படும் பெயர்களில் ஒன்றான மனச்சோர்வுக்கு 0.28. அந்தப் பதிப்பு வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் தாமஸ் இன்செல், இந்தப் பட்டியலின் குறை அதன் உண்மைத்தன்மையில் இருக்கிறது என்றும், தன் நிறுவனத்தின் ஆய்வுகள் இந்தப் பெயர்களை விட்டு விலகிப்போகும் என்றும் அறிவித்தார். மூளைச் சுற்றுகள், மரபணுக்கள், நடத்தை அளவுகள் ஆகியவற்றிலிருந்து புதிதாகத் தொடங்கும் திட்டம் ஒன்று அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் அது அறிவைக் கூட்டியிருக்கிறது. மருந்துச்சீட்டில் எழுதக்கூடிய ஒரு பெயரைக்கூட அது தரவில்லை. பதவியை விட்ட பிறகு இன்செலே, செலவழித்த பெரும்பணத்துக்கு ஈடாக நோயாளிகளின் வாழ்வில் மாற்றம் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

நோய்நிர்ணயம் என்ற செயல் நடப்பது இந்த விவாதங்கள் எட்டாத ஓர் அறையில். வெளிநோயாளர் பிரிவு, வாசலில் நீண்ட வரிசை, மேசைமேல் ஓரம் மடிந்த ஓ.பி. சீட்டுகள், ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். தமிழ்நாட்டில் நோயாளி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூட வந்திருக்கும் தாயோ கணவனோ மூத்த மகனோ பேசத் தொடங்குகிறார்கள். ‘சாப்பிட மாட்டேங்கறா சார், வேலைக்குப் போக மாட்டேங்கறா, ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கறா.’ நோயாளி தன் பங்குக்குச் சொல்வது உடம்பைப் பற்றி: தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, உள்ளங்கால் எரிச்சல், வாயுக்கோளாறு. ஒன்பது கட்டங்களில் இவை நேராகப் போய் உட்காருவதில்லை. மருத்துவர் கேட்கிறார், பார்க்கிறார்: தோற்றம், பேச்சின் வேகம், முகத்தில் ஓடும் உணர்ச்சி, சிந்தனையின் தொடர்ச்சி, இல்லாத குரல் கேட்கிறதா, தனக்கு நோய் என்று தெரிகிறதா. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எண்ணுவதில்லை. உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் ஒரு பெயர் அவர் மனதில் விழுந்துவிடுகிறது, பிறகு கேட்பதெல்லாம் அதைச் சரிபார்க்க. தேர்ந்த மருத்துவருக்கும் அவசரப்படும் மருத்துவருக்கும் உள்ள வேறுபாடு, அந்த முதல் பெயரைக் கைவிடத் தயாராக இருப்பதில் இருக்கிறது. கையேட்டின் எந்தப் பக்கத்திலும் அதை எழுதி வைக்க முடிவதில்லை. எழுதப்படுவது கடைசியில், ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் மனச்சோர்வுக்குரிய எஃப் 32 அல்லது மனச்சிதைவுக்குரிய எஃப் 20 என்ற எண்.

துக்கத்தைப்போல் இந்தப் பட்டியலைச் சங்கடப்படுத்திய இன்னொன்று இல்லை. கணவனைச் சாகக்கொடுத்த பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் ஒன்பதில் ஐந்தல்ல, ஏழுகூட இருக்கும். அதனால் மூன்றாம் பதிப்பில் துக்கத்துக்கு ஒரு விலக்கு தரப்பட்டது. நான்காம் பதிப்பில், 1994இல், மரணத்துக்குப் பின் இரண்டு மாதம் என்று அது வரையறுக்கப்பட்டது. ஐந்தாம் பதிப்பு விலக்கை எடுத்துவிட்டது. எடுத்தவர்களின் வாதம் லேசாகத் தள்ளக்கூடியதல்ல: வீடு எரிந்துபோனவருக்கும் வேலை போனவருக்கும் தரப்படாத சலுகை மரணத்துக்கு மட்டும் ஏன்? அதே முரணைப் பார்த்த ஜெரோம் வேக்ஃபீல்ட் போன்றவர்கள் விலக்கை எல்லா இழப்புகளுக்கும் நீட்டியிருக்க வேண்டும் என்றார்கள். காரணத்தைப் பேசுவதில்லை என்று முடிவெடுத்த புத்தகம், காரணம் கண்முன்னே கிடக்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடம் இது. பிறகு 2022இல் வந்த திருத்தப் பதிப்பில் துக்கமே ஒரு தனி நோயாக உள்ளே வந்தது, ‘நீடித்த துக்கம்’ என்ற பெயரில். பெரியவர்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பில் ஆறு மாதம். அந்தந்தச் சமூகத்திலும் மதத்திலும் வழக்கமான அளவைத் துக்கம் மீறியிருக்க வேண்டும் என்ற குறிப்போடு. துக்கத்துக்கு நாள் குறிப்பது மருத்துவர்கள் மட்டும் செய்த காரியமல்ல. பதினாறாம் நாள் கருமாதி, யாழ்ப்பாணத்தில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம், முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் ஓதல் என்று நாள்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் அந்த நாள்களைத் தாண்டியும் அழுகிறவளை அந்தச் சடங்குகள் எதுவும் தனியாகப் பிரித்து எண் கொடுத்து வைப்பதில்லை. அக்கம்பக்கம் ஏதாவது சொல்லும், அது வேறு.

எண்ணத் தொடங்கவே முடியாத துக்கமும் உண்டு. இலங்கைப் போரின் முடிவில் பிள்ளைகளைப் படையினரிடம் கையளித்துவிட்டு அதன்பின் அவர்களைக் காணாத தாய்மார், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளை செத்துப்போனான் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, திவசம் செய்வதில்லை, மரணச் சான்றிதழை மறுத்தவர்கள் பலர். நீடித்த துக்கத்தின் வரையறை மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. இவர்களுக்கு எந்த நாளிலிருந்து? ஏக்கம், உறக்கமின்மை, வாழ்வில் பிடிப்பின்மை என அறிகுறிகளை மட்டும் எண்ணினால் ஏதோ ஒரு பெயருக்குள் அவர்களை அடைத்துவிட முடியும். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனியாட்களை மட்டும் அல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் உறவின் நம்பிக்கையையும் சேர்த்து உடைத்ததை ‘கூட்டு மனவடு’ என்று எழுதினார். ஒருவரை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்து நிரப்பும் படிவத்தில் அதற்கு இடமில்லை. அந்தத் தாய்மார் கேட்பது பிள்ளைகள் எங்கே என்ற பதிலை. அதை நோய் என்று எழுதிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் மாறிப்போகிறார்கள்.

பெயரே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது வசதியானவர்களுக்கு எளிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் வெந்து செத்தார்கள், 28 பேர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களில் பலவற்றுக்கு மருத்துவமும் பெயரும் கிடைக்கவேயில்லை. இன்று மனநோயாளிக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஐடியாஸ் என்ற அளவுகோலில் தன்னைப் பேணல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை ஆகியவற்றை மதிப்பிட்டு 40 விழுக்காடு குறைபாடு காட்டப்பட வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். இலவச மாத்திரை, காப்பீடு, விடுப்பு எல்லாமே அந்தப் பெயரைக் கேட்கின்றன. 0.28 என்ற ஒற்றுமையோடு வைக்கப்படும் பெயர் ஒரு குடும்பத்தின் மாத வரவைத் தீர்மானிக்கிறது. பெயர் வைக்கிறவர்களுக்கு இது தெரியும். தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும் தாளில் ஐயத்துக்கு ஒரு கட்டம் இல்லாததால், ஐயத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலும் மாறிவருகிறது, மெதுவாக. ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு ஆளுமைப் பிறழ்வுகளின் பழைய பெயர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கைவிட்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவாக மாற்றியிருக்கிறது. ஆஸ்பெர்கர் என்ற பெயர் இரு பட்டியல்களிலும் ஆட்டிசத்துக்குள் கரைந்தது. அந்தப் பெயரைத் தம் அடையாளமாகச் சூடிக்கொண்டவர்கள் சிலர் அதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மனநோயைத் தேசிய அளவிலோ உலக அளவிலோ ஏற்கப்பட்ட அளவுகோல்களின்படியே, ஐ.சி.டி.யின் அண்மைப் பதிப்பும் அதில் அடங்க, நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. அரசியல் காரணத்துக்காகவோ, குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒழுக்க எதிர்பார்ப்புக்கு ஒத்துவராததாலோ ஒருவரை மனநோயாளி ஆக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவு மேலும் இரண்டைச் சொல்கிறது: முன்பு சிகிச்சை பெற்றதோ மருத்துவமனையில் இருந்ததோ மட்டுமே இன்றைய நிர்ணயத்துக்குப் போதுமான காரணமாகாது; மனநோய் என்று நிர்ணயிக்கப்பட்டதால் மட்டுமே ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார், அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் சொல்ல முடியும். சீட்டில் எழுதப்பட்ட பெயரைக் காட்டிச் சொத்தையோ மணவாழ்வையோ பறிக்க வருகிறவர்களுக்கு முன்னால், நோயாளியும் அவருடைய வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பிரிவு இது.